ஒரே வால்வு, இரண்டு பூட்டு

போர்க்காரி என்று சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும். முதல்முறை கேட்பவர்கள் பெரிய சண்டைக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் போடுவது ஆழ்துளைக் கிணறு. ஊர் வாயில் அது 'போர்'. "நான் போடுற போர்ல தண்ணிதான் வரும், ரத்தம் வராது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர், மாநில அரசும் மத்திய அரசும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட வழக்கில், ஏழு நீதிபதிகளுக்கு முன்னால் சாட்சிக் கூண்டில் நின்றார். நான் நீதிமன்றச் செய்தி எழுதுகிறவன். பதினெட்டு வருட வேலையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்ட வழக்கு அது ஒன்றுதான்.

அவருடைய அப்பாவிடம் ஒரு பழைய போர் லாரி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அவர் லாரியடிக்கு வந்துவிடுவார். குழியிலிருந்து காற்று ஊதித் தள்ளும் கல்தூளை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்ப்பார். எந்தக் கல், எவ்வளவு ஈரம் என்று பதினைந்து வயதிலேயே சொல்லிவிடுவாராம். அவருக்கு இருபத்து மூன்று வயதானபோது அப்பாவுக்கு முதுகு போய்விட, லாரி அவர் கைக்கு வந்தது. அடுத்த வருடமே, துளைக்கிற இரும்புத் தண்டான ராடை மாட்டும்போது இடது மோதிர விரலில் பாதி நசுங்கியது. மலையடிவார ஆஸ்பத்திரியில் அந்த விரலுக்குக் கட்டுப் போட்ட ஆண் நர்ஸைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். "பாதி விரலைக் கொடுத்து முழுசா ஒரு ஆளை வாங்கிட்டேன், லாபம்தானே?" என்பார். பக்கத்தில் நர்ஸ் இருந்தால், "கட்டுப் போட்டவனையே கட்டிக்கிட்டா" என்று முடித்து வைப்பார்.

அந்த ஆஸ்பத்திரி ஐம்பது படுக்கை உள்ளது. குளிர்காலத்தில் அங்கே குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். அண்டாவில் வெந்நீர் வைத்து, வாளியில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவார்கள். நர்ஸ் வீட்டுக்கு வந்ததும் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கடைசியில் ஆஸ்பத்திரி நிர்வாகமே பின்பக்கக் காலி இடத்தில் ஒரு போர் போடச் சொல்லி அவரைக் கூப்பிட்டது.

லாரியை ஓட்டுவது அவருடைய கொழுந்தன். கம்ப்ரசரையும் அவன்தான் பார்த்துக்கொள்வான். ஒரு ராடு இருபது அடி. ஒவ்வொரு ராடு இறங்கியதும் கல்லின் நிறம், ஈரம், சூடு என்று ஒரு நோட்டில் எழுதுவது போர்க்காரியின் வழக்கம். இருபத்திரண்டாவது ராடு இறங்கும்போது தூள் சுட்டது. ராடின் நுனியில் பாறையை உடைக்கிற சுத்தியல் அடிக்கிற அடியில் தூள் கொஞ்சம் சூடாகத்தான் வரும். ஆனால் இந்தச் சூடு அவருக்குப் புதிதாக இருந்தது.

"தம்பி, நிறுத்து. டீ குடிச்சிட்டு வருவோம்."

"இப்பதானே அண்ணி குடிச்சோம்?"

"இன்னொண்ணு குடிச்சா வயிறு வெடிச்சிடாது. நிறுத்துன்னா நிறுத்து."

அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓட்டினார்கள். சுத்தியல் ஆறிப்போயிருக்க வேண்டும். முதலில் வந்த தூளை அவர் கையில் வாங்கினார், உடனே உதறினார். முன்னைவிட அதிகமாகச் சுட்டது. சுடுவது சுத்தியல் இல்லை, கல்தான்! நோட்டில், '22-வது ராடு. ஈரம் இல்லை. கல்லே சூடு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

இருபத்தேழாவது ராடில் பூமி உறுமியது. "ஓடுங்க!" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் வெந்நீர் நாற்பதடி உயரத்துக்குப் பீறிட்டது. நல்லவேளை, காற்று காட்டுப்பக்கமாக அடித்தது. கொழுந்தன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு லாரியைச் சுற்றிச் சுற்றி ஓடினான். ஆஸ்பத்திரி ஜன்னல் எல்லாம் தலைகள். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாத நோயாளிகள்கூட எழுந்து நின்று கை தட்டினார்களாம். நர்ஸ் பின்வாசல் வழியாக ஓடி வந்து, நனைந்து கோழிக்குஞ்சாக நின்ற மனைவியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "விரலெல்லாம் இருக்கா?"

"ஒன்பதரையும் இருக்கு! தண்ணியைப் பாருங்க, தண்ணியை!"

இரண்டு நாளில் பெரிய வால்வு மாட்டி அடக்கினார்கள். மூன்றே வாரத்தில் பழைய இரும்புக் குழாய்களை வளைத்து ஒவ்வொரு வார்டிலும் சுவரோரம் ஓட்டினார்கள். குழாய்க்குள் வெந்நீர் ஓட, வார்டு கதகதவென்று ஆனது. குழந்தைகள் வார்டில் முதல்முறையாகக் குல்லாயைக் கழற்றினார்கள். அண்டாக்களைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள் நீடித்தது.

பத்தாம் நாள் மாநிலத் தண்ணீர்த் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மெலிந்த உடம்பு, கழுத்தில் எப்போதும் மப்ளர். நிலத்தடி நீர் மாநிலத்துக்குச் சொந்தம், இந்த அளவு நீருக்கு அனுமதி வாங்கவில்லை என்று சொல்லி, வால்வில் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டார். "பதினஞ்சு நாள்ல அனுமதி வாங்கித் தர்றேம்மா, கவலைப்படாதீங்க" என்றார். ஆனால் நான்காம் நாளே மத்தியக் கனிமத் துறையிலிருந்து இன்னொருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். இவர் நல்ல பருமன், சட்டைப்பையில் மூன்று பேனா. பூமிக்குள் இருக்கும் வெப்பம் ஓர் ஆற்றல், அது கனிமத்தோடு சேர்ந்தது, ஆகவே மத்திய அரசுக்குச் சொந்தம் என்று சொல்லி, அதே சங்கிலியில் தன் பூட்டையும் மாட்டினார்.

போர்க்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப தண்ணி அவங்களது, சூடு உங்களது. சரி, ஆறின பிறகு யாருது?"

கனிம அதிகாரி பேனாவை எடுத்தார், யோசித்தார், திரும்பப் பையில் வைத்தார். "அதை மேலிடத்துலதான் கேக்கணும்."

இதில் ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை. எங்கள் அரசியல் சாசனம் அதிகாரத்தைப் பட்டியல் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. எதில் சட்டம் போட மாநிலத்துக்கு உரிமை என்று ஒரு பட்டியல், எதில் மத்திய அரசுக்கு என்று இன்னொன்று. தண்ணீர் முதல் பட்டியலில் இருக்கிறது. கனிமமும் ஆற்றலும் இரண்டாவதில் இருக்கின்றன. எழுதியவர்கள் மேசையில் இரண்டும் தனித்தனியாகத்தான் கிடந்தன. இரண்டும் கலந்து நாற்பதடி பீறிடும் என்று அவர்கள் கனவா கண்டார்கள்?

அண்டாவை மறுபடி நிமிர்த்தினார்கள். நர்ஸ் மறுபடி தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போர்க்காரி இரண்டு அலுவலகத்துக்கும் ஐந்தாறு தடவை நடந்தார். இவர்கள் அவர்களைக் கை காட்டினார்கள், அவர்கள் இவர்களை. ஆறாவது தடவை திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "கேஸ் போடப்போறேன்" என்றார்.

"யார் மேல?" என்றார் நர்ஸ்.

"ரெண்டு பேர் மேலயும்."

"ரெண்டு அரசாங்கத்து மேலயுமா? வேற யாரும் பாக்கி இல்லையே?"

வழக்கு போட்டதும் மாநில அரசு சட்டென்று கட்சி மாறியது. 'எங்கள் பூட்டை எடுக்கிறோம், மத்திய அரசும் எடுக்கட்டும், இது எங்கள் தண்ணீர்' என்று போர்க்காரியின் பக்கம் வந்து நின்றது. மத்திய அரசு மறுத்தது. மாநில உரிமை என்று ஒரு கூட்டம், நாட்டின் ஒற்றுமை என்று ஒரு கூட்டம், வாசலில் கோஷம். வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குப் போனது.

முதல் நாளே நீதிபதிகள் ஓர் இடைக்கால உத்தரவு போட்டார்கள். தீர்ப்பு வரும்வரை இரண்டு பூட்டும் இருக்கட்டும். ஆனால் தினமும் காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், மாலை நாலிலிருந்து ஏழு வரையும் ஆஸ்பத்திரிக்காக வால்வைத் திறக்க வேண்டும். திறக்கவும் மூடவும் இரண்டு அதிகாரிகளும் தங்கள் சாவியோடு நேரில் வர வேண்டும்.

அதிகாரிகளின் நிலைமை பரிதாபமாகிவிட்டது. முதல் வாரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று பூட்டைத் திறந்தார்கள். திறந்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டுமே! இரண்டாவது வாரம் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம் நடுவில் சதுரங்கப் பலகை வந்தது. ஒருநாள் தண்ணீர் அதிகாரி காய்ச்சலோடு இருமிக்கொண்டே வர, கனிம அதிகாரி பிளாஸ்கில் கஷாயம் கொண்டுவந்து கொடுத்ததை நர்ஸ் வார்டு வார்டாகப் போய்ச் சொன்னார்.

அடுத்து நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. மத்திய அரசின் வக்கீல் ஒருநாள் எழுந்து நின்று, பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றை வாசித்தார். மலைக்கு அந்தப் பக்கம், மாநில எல்லையைத் தாண்டி, ஆறு கிலோமீட்டரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறதாம். மூட்டுவலிக்காரர்கள் வந்து குளிக்கிற குளம். அதைப் பராமரிக்கும் பெண், சில வாரமாகத் தினமும் இரண்டு வேளை குளத்தில் தண்ணீர் இறங்கி, பிறகு ஏறுகிறது என்று எழுதியிருந்தார். இறங்குகிற நேரம் காலை ஏழு, மாலை ஐந்து. வால்வைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்து.



போர்க்காரி அந்த நேரங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் மாநில வக்கீல், "அதெல்லாம் ஜோடிச்ச கதைங்க, நம்பாதீங்க" என்றார். அடுத்த நாள் விடுமுறை. போர்க்காரி முதல் பஸ்ஸைப் பிடித்து, எல்லையில் வேறு பஸ் மாறி, நாலு மணிக்கு முன்பே ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஊற்றைப் பார்த்துக்கொள்ளும் பெண் துண்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தார். வந்தவர் யார் என்று தெரிந்ததும் துண்டைக் கீழே போட்டுவிட்டார்.

"நீங்கதானா அது? என் குளத்தைக் குடிக்கிற ஆளு!"

"குடிக்கிறேனா இல்லையான்னு பாக்கத்தான்க்கா வந்திருக்கேன். ஒரு குச்சி குடுங்க."

தண்ணீர் விளிம்பில் குச்சியை நட்டு, கரியால் கோடு போட்டார்கள். சரியாக நாலு மணிக்கு நர்ஸிடமிருந்து போன் வந்தது: "திறந்தாச்சு." இருவரும் படியில் குந்தி உட்கார்ந்து கோட்டையே பார்த்தார்கள். பத்து நிமிடம். அரை மணி. ஒன்றும் இல்லை. நிம்மதியாக மூச்சு விடப்போன நேரத்தில், ஐந்துக்குச் சில நிமிடம் இருக்க, கோட்டுக்குக் கீழே ஈரக்குச்சி தெரிந்தது. ஒரு விரல்கடை. பிறகு இரண்டு.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று அந்தப் பெண் அவர் தோளை உலுக்கினார்.

போர்க்காரி தண்ணீர் இறங்கிய இடத்தில் கரியால் இன்னொரு கோடு போட்டார். பயத்தோடு துள்ளிக் குதிக்க வேண்டும்போலவும் இருந்ததாக என்னிடம் பின்னால் ஒப்புக்கொண்டார். முப்பது வருடம் பூமியைத் துளைத்தவர். ஆனால் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு துளை இன்னொரு குளத்தோடு பேசுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தார். இருவரும் சேர்ந்து மூன்று வேளை அளந்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டிலேயே தங்கி, அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவரிடமே திட்டும் வாங்கினார்.

"சரிக்கா, நீங்க எங்க மாநிலத்து ஆபீஸ்லயே வந்து சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"உங்க ஆபீஸ்ல என் பேச்சை யாரு கேப்பா? எங்க ஆபீஸ் சொன்னா உங்க ஆபீஸ் கேக்குமா? ரெண்டுக்கும் மேல யாராவது ஒருத்தர் கேக்கணும்ல?"

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி அவரை அரித்துக்கொண்டே வந்தது.

சாட்சி சொல்கிற நாள். உள்ளே போகுமுன் மாநில வக்கீல் அவரை ஓரமாக அழைத்தார். "இருபத்திரண்டாவது ராடுல வந்தது சுத்தியல் சூடுன்னு சொல்லிடுங்க. தண்ணியோடதான் சூடு வந்துச்சுன்னா கேஸ் நமக்கு. அதுக்கு முன்னாடியே கல்லு சூடுன்னு ஆயிட்டா, ஆற்றல் தனி, தண்ணி தனின்னு அவங்க பிடிச்சிப்பாங்க."

அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

கூண்டில் ஏறினார். அதே வக்கீல் கேட்டார், "இருபத்திரண்டாவது ராடில் உணர்ந்த சூடு சுத்தியல் உராய்வால் வந்தது, அப்படித்தானே?"

"இல்லீங்க. கல்லு சூடு."

வக்கீல் விடவில்லை. "உராய்வாக இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்னு நானும் நினைச்சேன். அதனாலதான் அரை மணி நேரம் மெஷினை நிறுத்திட்டு டீ குடிச்சேன். திரும்ப ஓட்டினா இன்னும் ஜாஸ்தி சுட்டுது. நோட்ல எழுதியிருக்கேன். ஈரமே இல்ல."

மத்திய வக்கீல் முகம் மலர எழுந்தார். "ஆக, வெப்பம் தண்ணீருக்கு முன்பே, தனியாகவே இருந்தது!"

"இருந்துச்சு. ஊத்தும் இறங்குதுங்க. நானே போய் அளந்து பாத்தேன்."

அரங்கமே சலசலத்தது. சொந்தப் பக்கத்தின் காலையே வாரிவிட்டாரே என்று என் பக்கத்தில் இருந்த நிருபர் தலையில் கை வைத்துக்கொண்டார். மத்திய வக்கீல் ஜெயித்துவிட்ட மாதிரி உட்கார்ந்தார். அப்போது தலைமை நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். வெப்பம் தனி என்கிறார்கள். நாளைக்கு மத்திய அரசு அந்த வெப்பத்தை மட்டும் எடுத்துத் தரச் சொன்னால் உங்களால் முடியுமா?"

"சூட்டை மட்டும் தூக்கிட்டு வர்ற ராடு எங்கிட்ட இல்லீங்கய்யா. தண்ணிதான் சுமந்துட்டு வரணும்."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் மேலே பேசினார்: "ஐயா, இன்னொண்ணு சொல்லலாமா? ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேணும்னு எங்க ஊர்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அதுக்கு நான் தலைநகரத்துக்கு நடக்க முடியாது. ஆனா அந்தக்கா குளம் வத்தினா எங்க மாநிலத்துக்காரங்க கண்டுக்க மாட்டாங்க. அதைப் பாக்க மேல ஒருத்தர் இருக்கணும். இருக்கட்டும். பூட்டுதான் வேணாம். ரெண்டு பேரும் பூட்டுத்தான் கொண்டு வந்தாங்களே ஒழிய, ஒருத்தராவது அளக்கிற குச்சி கொண்டு வரல."

வேகமாக எழுதிக்கொண்டிருந்த என் பேனா அந்த இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு. ஐந்து பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். வெளியே வரும் நீர் தண்ணீர்தான், சுடுகிறது என்பதால் அது கனிமம் ஆகிவிடாது. அதை யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்பது மாநிலத்தின் அதிகாரம். ஆனால் நிலத்தடியில் அது எல்லையைத் தாண்டிக் கிடப்பதால், எவ்வளவு எடுக்கலாம், அதை எப்படிப் பூமிக்குள்ளேயே திருப்பி விட வேண்டும் என்று விதி செய்வது மத்திய அரசின் அதிகாரம். அந்த விதியையும் இரண்டு மாநிலங்களையும் கலந்து பேசித்தான் செய்ய வேண்டும். தன்னிச்சையாக மூடி முத்திரை வைக்க முடியாது. இரண்டு பூட்டுகளும் இன்றே எடுக்கப்பட வேண்டும்.

மாநிலம் ஜெயித்ததா, மத்திய அரசு ஜெயித்ததா என்று தொலைக்காட்சிகளில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வாசலில் இனிப்பு கொடுத்தார்கள். போர்க்காரி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த நம்பருக்கு போன் போட்டார். "என்னங்க, அண்டாவைக் கவுத்துடுங்க!"

வேலை அதோடு முடியவில்லை. வார்டுகளைச் சுற்றி ஆறிய தண்ணீரை மறுபடி பூமிக்குள்ளேயே விட வேண்டும். அதற்கு இரண்டாவது துளை. செலவு மத்திய அரசு, அனுமதி மாநிலம், இடம் பக்கத்து மாநிலமும் ஒப்புக்கொண்ட இடம். துளைக்கிறவர் வேறு யார்? இருபத்தாறாவது ராடில் சுத்தியல் பாறையில் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கொழுந்தன் கம்ப்ரசரை முறுக்க, சங்கிலியை இழுக்க ஆள் போதவில்லை. தண்ணீர் அதிகாரி மப்ளரை அவிழ்த்தெறிந்துவிட்டு வந்து பிடித்தார். கனிம அதிகாரி பேனாக்களை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்து பிடித்தார்.

"சார், ரெண்டு பேரும் ஒரே பக்கம் இழுங்க!" என்று போர்க்காரி கத்தினார். "ஆளுக்கொரு பக்கம் இழுத்தா என் ராடு உடைஞ்சிடும்!"

மூன்றாவது இழுப்பில் விட்டுக்கொடுத்தது. போர்க்காரியும் இரண்டு அதிகாரிகளும் சேற்றில் மல்லாந்து விழுந்தார்கள்.

தண்ணீரைத் திருப்பி அனுப்பத் தொடங்கிய பதினோராம் நாள் ஊற்றிலிருந்து போன் வந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் அந்தப் பெண் கத்தினார்: "நிக்குது! காலையிலேர்ந்து அசையாம நிக்குது!"

"என்னக்கா நிக்குது?"

"தண்ணிதான், வேற என்ன? கோட்டுலயே நிக்குது!"

இப்போது மூன்று தரப்பும் சேர்ந்த ஒரு குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. போர்க்காரியும் அந்த ஊற்றுக்காரப் பெண்ணும் அதில் உறுப்பினர்கள். போன கூட்டத்தில் மாநில அரசு ஒரு ஓட்டலுக்கும் வெந்நீர் கொடுக்கலாம் என்றது. மத்திய அரசு ஆஸ்பத்திரியின் அளவையே குறைக்கலாம் என்றது. இருவரோடும் இரண்டு மணி நேரம் மல்லுக்கு நின்று, தொண்டை கட்டிப்போய் வெளியே வந்தவரை வாசலில் பிடித்தேன்.

"யார் ஜெயிச்சாங்க?"

"இன்னிக்கு நான்" என்றார், குரலே வராமல். "அடுத்த கூட்டத்துக்கு இப்பவே தயாராகணும். வழி விடுங்க, லாரி காத்துக்கிட்டு இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல போர் போடக் கூப்பிட்டிருக்காங்க."

கொழுந்தன் ஹாரன் அடித்தான். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்.